கங்கைகொண்டானில் ஏறி, காயலில் இறங்கி

கங்கைகொண்டான் பாலத்துக்குக் கீழே சிற்றாறு வருசத்தில் பாதி நாள் வெறும் மணலாகத்தான் கிடக்கிறது. குற்றாலத்தில் சாரல் கட்டி அருவி கொட்டினாலும், இங்கே வந்து சேர்வதற்குள் வழியிலுள்ள அணைக்கட்டும் கால்வாயும் குளமும் குடித்துவிடும். கார்த்திகை அடைமழையில்தான் ஆறு ஆறாகத் தெரியும். அப்போது பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் காப்பித்தூள் நிறத்தில் கலங்கலாகப் போகும். தென்கிழக்கே இறங்கிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் எல்லாம் தாண்டிப் புன்னக்காயலில் கடலைத் தொடும்.

தண்ணீர் சும்மா போவதில்லை, மண்ணையும் கரைத்துக்கொண்டு போகிறது. அந்த மண்தான் உலகமெல்லாம் பேர்போன ஒரு துறையை மூடியது. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1292-ஐ ஒட்டிப் பார்த்து எழுதிவைத்த காயல் துறை அது. மூடிய மண்ணில் எங்கள் ஊர் மண்ணும் ஒரு கை இருக்கும் என்பதால், காயலைப் பற்றி எழுத உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

வேறு ஒரு உறவும் இருக்கிறது. கங்கைகொண்டான் என்பது ராசேந்திர சோழனின் வெற்றிப் பெயர். காயல்பட்டினத்துக்குக் கல்வெட்டில் உள்ள பழைய பெயர் சோணாடுகொண்டான் பட்டினம். அது சோழநாட்டைக் கொண்ட பாண்டியனின் பெயர். கொண்டவன் ஒருவன், அவன் வம்சத்திடமிருந்து கொண்டவன் இன்னொருவன். இரண்டு ஊருக்கும் சாலை வழியே எழுபது கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். நான் போவது ரயிலில். திருநெல்வேலியில் இறங்கித் திருச்செந்தூர் வண்டிக்கு மாறினால் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, அப்புறம் காயல்பட்டினம். நம்மாழ்வார் ஊரில் ஏறிய பாட்டி நாசரேத்துக்காரருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார, காயல்காரர் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருப்பார். அடுத்த நிலையம் முருகனுடையது. ஒரே பயணச்சீட்டு.

காயல்பட்டினத்துக்குக் கொஞ்சம் வடக்கே, தூத்துக்குடிச் சாலையில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது பழையகாயல். மார்க்கோ போலோ சொன்ன காயல் இதுதான் என்று அடையாளம் காட்டியவர் பிஷப் கால்டுவெல். இடையன்குடியில் இருந்தபடி நெல்லைச் சீமையை அங்குலம் அங்குலமாக அளந்த மனிதர். 1881-இல் அச்சான அவருடைய திருநெல்வேலி வரலாற்றில், அந்த வெளி முழுக்க மைல்கணக்கில் ஓட்டுச் சில்லும் பானைச் சில்லும் சிதறிக் கிடந்ததையும், அவற்றுக்குள் சீனத்துப் பீங்கான் துண்டுகள் அகப்பட்டதையும் எழுதியிருக்கிறார். அவர் காலத்திலேயே பழையகாயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றரை மைல் மண் வந்துவிட்டது. அதற்கும் முந்தைய துறையான கொற்கை இன்னும் உள்ளே தள்ளி, வாழைத்தோட்டத்துக்கு நடுவில் கிடக்கிறது. முதலில் கொற்கை, பிறகு காயல் என்று ஆறு ஒவ்வொரு துறையாகத் தின்றுகொண்டே வந்திருக்கிறது.

இன்று பழையகாயலில் இறங்கினால் கண்ணுக்குத் தெரிவது உப்பளமும் மாதா கோயிலும். 2009 முதல் அணுசக்தித் துறையின் சிர்கோனியம் ஆலை ஒன்றும் அங்கே ஓடுகிறது. துறைமுகத்தின் சுவடு தேடுபவன் பனைமர நிழலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அன்றைக்கு இந்த உப்பளத்தில் குதிரைகள் இறங்கின. ஹோர்முஸ், கீஷ், ஏடன் என்று மேற்கேயிருந்து வரும் கப்பலெல்லாம் குதிரையோடு காயலைத் தொட்டுத்தான் போகும் என்கிறார் மார்க்கோ போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே சொல்கிறார்: வருசத்துக்கு 10,000 குதிரை, ஒன்றுக்கு 220 தினார் செம்பொன், நடுக்கடலில் செத்துப்போன குதிரைக்கும் விலை உண்டு. வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு பூஜ்யத்தைச் சேர்ப்பது பழைய வழக்கம் என்பதால் நான் அதைப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வேன். பாதி என்றாலும் சாதாரணப் பணமா அது? கோயில் வருமானத்திலிருந்தும் கோயிலைச் சார்ந்த கணிகையர் கட்டிய வரியிலிருந்தும் இந்த விலை கொடுக்கப்பட்டது என்றும் அவரே எழுதுகிறார். நம்மூர்க் கோயில் பணம் கடல் தாண்டிப் போய் அரபிக் குதிரையாகத் திரும்பியிருக்கிறது.

வந்த குதிரைக்குப் புல்லும் கொள்ளும் கொடுக்க வேண்டாமா? வறுத்த தானியத்தை நெய்யில் பிசைந்து கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்தார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். பாசம் அதிகமாகிப் பிள்ளையைக் கெடுத்த கதைதான். போதாக்குறைக்குக் குதிரைக்கு லாடம் அடிக்கிறவனும் வைத்தியம் பார்க்கிறவனும் இங்கே கிடையாது. அப்படிப்பட்டவர்கள் வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்று மார்க்கோ போலோ குற்றம் சாட்டுகிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி.

குதிரை பக்தியிலும் புகுந்தது. மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் குதிரை வாங்கப் பணம் கொடுத்தனுப்புகிறான், சிவனே குதிரை வியாபாரியாக வருகிறார். திருச்செந்தூர் முருகனைப் பாடிய அருணகிரிநாதர் மயிலேறும் முருகனை 'ராவுத்தனே' என்று கூப்பிடுகிறார். ராவுத்தர் என்றால் குதிரைக்காரர். இன்று அது தமிழ் முஸ்லிம்களில் ஒரு பிரிவின் பெயர். கப்பலில் வந்தவர் வழி மரைக்காயர், குதிரையோடு புழங்கியவர் வழி ராவுத்தர் என்று பொதுவாகச் சொல்வார்கள். சட்டமாக எழுதிவிட முடியாது, ஆனால் மார்க்கச் சட்ட மரபுகளில் கடற்கரை ஊர்கள் ஷாபி மத்ஹபையும் உள்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் ஹனபி மத்ஹபையும் பின்பற்றுவதைப் பார்த்தால், ஒன்று கடல் வழியாகவும் இன்னொன்று தரை வழியாகவும் வந்தது தெரிகிறது. தொழுகையில் கை கட்டும் இடத்தை வைத்தே ஒருவர் முன்னோர் வந்த வழியைச் சொல்லிவிடும் பெரியவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

குதிரையைக் கொண்டுவந்தவர்கள் கூடவே தங்கள் நம்பிக்கையையும் கொண்டுவந்தார்கள். அந்த நம்பிக்கையைத் தொடங்கிவைத்தவரும் வியாபாரிதான். மக்காவில் 570-ஐ ஒட்டிப் பிறந்த முகம்மது நபி, கதீஜா அம்மையாரின் சரக்கைச் சிரியா வரை கொண்டுபோய் விற்று வந்தவர். நாற்பது வயதில், 610-இல், ஹிரா குகையில் அவருக்கு முதல் வசனம் இறங்கியதாக முஸ்லிம்கள் நம்புகிறார்கள். கடவுள் ஒருவரே, அவருக்கு உருவமில்லை, இணையில்லை, ஒவ்வொருவரும் செய்ததற்கு அவரிடம் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்ற செய்தி, 360 சிலைகள் இருந்த கஅபாவை நம்பிப் பிழைத்த மக்கத்துப் பெரிய வீடுகளுக்குக் கசந்தது. 622-இல் அவர் மதீனாவுக்குப் போனார். ஹிஜ்ரி ஆண்டு அந்தப் பயணத்திலிருந்து தொடங்குகிறது. 632-இல் அவர் இறந்தார். அடுத்த நூறு வருசத்துக்குள் சிந்துவிலும் ஸ்பெயினிலும் படையோடு போய் நின்றது அரபு அரசு.

தமிழ்க் கரைக்கு வந்தது படையல்ல, பருவக்காற்று. அரபிக் கப்பல்கள் நபி பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தக் கரைக்கு வந்துபோனவை. ஒரு தலைமுறையில் வந்தவர்கள் பழைய தெய்வங்களைக் கும்பிட்டார்கள், அவர்கள் பேரன்மார் மேற்கே பார்த்துத் தொழுதார்கள். கரையில் நின்ற நம்மவர்களுக்கு அது அதே சரக்கு, அதே முகம், புதிதாக ஒரு வழக்கம், அவ்வளவுதான். திருச்சி கோட்டை ரயில் நிலையத்துப் பக்கமுள்ள கல்லுப்பள்ளியின் கல்வெட்டில் ஹிஜ்ரி 116 என்று படித்திருக்கிறார்கள். அது 8-ஆம் நூற்றாண்டு. கொல்லத்தில் 849-இல் எழுதிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கூபி எழுத்தில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன. திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் சுவரில், பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் சோனகர் என்று அழைக்கப்பட்ட முஸ்லிம்களின் பள்ளிக்குப் பாண்டியன் கொடுத்த கொடையை வெட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளிவாசலுக்குக் கொடுத்த நிலத்துக்குப் பெருமாள் கோயில் சுவர்தான் பத்திரம்.

காயலில் அதிகாரமும் இந்த வியாபாரிகள் கைக்கு வந்தது. கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் அங்கிருந்து குதிரையை ஏற்றுவார். அவர் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் இங்கே பாண்டியனுக்கு அமைச்சராக இருந்து இறக்குவார். ஏற்றுகிற முனையும் இறக்குகிற முனையும் ஒரே குடும்பம் என்றால் வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏஜென்சி வைத்திருக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்.

1311-இல் மாலிக் காபூர் தில்லிப் படையோடு வந்தபோது, வீரபாண்டியன் பக்கம் நின்றவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். இதைச் சொல்பவர் தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு. பிடிபட்ட அவர்களைப் பார்த்து அவருக்கு எரிச்சல். பாதி இந்துக்களைப் போல இருக்கிறார்கள், ஆனாலும் கலிமா சொல்லத் தெரிந்ததால் உயிர் பிழைத்தார்கள் என்கிற தொனியில் எழுதுகிறார். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் எனக்கு மாலிக் காபூரைச் சொல்லிக்கொடுத்தார்கள், அவனை எதிர்த்து நின்ற இந்தத் தமிழ் முஸ்லிம்களைச் சொல்லவில்லை.

குஸ்ருவுக்கு எரிச்சலாகத் தெரிந்தது எனக்கு இந்த விசயத்தின் மையமாகத் தெரிகிறது. அவர்கள் தமிழர்களாகவே முஸ்லிம்களானார்கள். அதற்குச் சாட்சி கல்வெட்டைவிட அன்றாடப் பேச்சு. மஸ்ஜித் என்பதற்கு இங்கே பள்ளி என்று பேர் வைத்தார்கள். கங்கைகொண்டானுக்குக் கொஞ்ச தூரத்தில் மறுகால்தலை இருக்கிறது. அங்கே பாறைக் குகையில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கையும் தமிழ் பிராமி எழுத்தும் உண்டு, இரண்டாயிரம் வருசத்துக்கு மேல். அந்தக் கற்படுக்கைக்குப் பேர் பள்ளி. அதைச் சுற்றித் துறவிகள் பாடம் சொன்னதால் படிக்கும் இடமும் பள்ளியாயிற்று. சோனகர் தொழும் இடம் கட்டியபோது, கோயில் என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தவில்லை. சிலை இல்லாத, ஓதுகிற இடத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் கிடந்தது, எடுத்துக்கொண்டார்கள். நோன்பும் சமணர் வீட்டுச் சொல்தான், அவர்கள் துறவிகளுக்கு நோன்பிகள் என்றே ஒரு பெயர் இருந்தது.

ஓதுவது என்ற சொல்லை மட்டும் நினைத்து நினைத்துப் பார்ப்பேன். ஹிரா குகையில் இறங்கிய முதல் சொல் 'இக்ரஃ'. படி என்றும் சொல்லலாம், ஓது என்றும் சொல்லலாம். குர்ஆன் என்ற பெயருக்கே ஓதப்படுவது என்றுதான் பொருள். கோயிலில் தேவாரம் பாடுகிறவர் ஓதுவார். மேலப்பாளையத்துத் தெருவில் "பிள்ளை ஓதப் போயிருக்கு" என்றால் மதரஸாவுக்குப் போயிருக்கிறது. மொழிபெயர்க்க உட்கார்ந்த பண்டிதர்கூட இவ்வளவு கச்சிதமாகப் பிடித்திருக்க மாட்டார், துறைமுகத்துச் சனம் பிடித்திருக்கிறது.

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். கலிமா, தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ். இரண்டுக்குத் தமிழ்ப் பேர் கிடைத்தது, மூன்றுக்குக் கிடைக்கவில்லை. ஏன்? தொழுவதும் பட்டினி கிடப்பதும் இந்த மண்ணுக்குத் தெரிந்த வேலை. ஐந்து வேளை, மேற்கு முகம், ஒரு மாதம் என்ற ஒழுங்குதான் புதிது. கலிமா அரபியிலேயே நாக்கில் வர வேண்டிய உறுதிமொழி. ஹஜ் ஓரிடத்துக்கு மட்டும் உரிய பயணம். ஸகாத்துக்குத் தருமம் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் தருமம் கொடுப்பவன் மனசைப் பொறுத்தது. ஸகாத் அப்படியல்ல, வருசம் முழுக்கக் கையில் நின்ற சேமிப்புக்கு நூற்றுக்கு இரண்டரை, ஏழைக்குச் சேர வேண்டிய பங்கு, கணக்குப் பார்த்துக் கொடுத்தாக வேண்டும். அதைத் தருமம் என்றால் கொடுப்பவன் பெரியவனாகிவிடுவான். அதனால்தான் அரபிச் சொல்லை அப்படியே விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

புலவர்களும் இதே வேலையைச் செய்தார்கள். 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய ஆயிரம் மசலா, யூத அறிஞர் ஒருவர் கேள்வி கேட்க நபிகள் பதில் சொல்வதாக அமைந்த நூல். படைப்பு, சொர்க்கம், நரகம், மறுமை என்று நம்பிக்கையின் எல்லா மூலைகளையும் கேள்வி பதிலாகவே சுற்றிக் காட்டிவிடும். அடுத்த நூற்றாண்டில் எட்டயபுரத்து உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடினார், நபிகளின் வாழ்க்கை 5,027 விருத்தங்களில். பரம்பரையாக நாம் கேட்ட காப்பிய முறைப்படி நாட்டுப்படலம் வேண்டும், நாட்டில் ஆறு வேண்டும், ஆற்றில் வெள்ளம் வர வேண்டும், வயலில் நாற்று நட வேண்டும். குர்ஆனே பயிர் முளைக்காத பள்ளத்தாக்கு என்று சொல்கிற மக்காவைச் சுற்றி உமறு தாராளமாக மழை பெய்ய வைத்தார், மருதம் விளைய வைத்தார். கரிசல் காட்டில் உட்கார்ந்து மழைக்கு ஏங்கியவர், பாலைவனத்துக்கே தாமிரபரணியைத் திருப்பிவிட்டார் என்றுதான் எனக்குப் படும். நபி பிறந்த மண் செழிப்பாக இல்லாமல் எப்படி என்பது தமிழ் மனசு.

சீறாவோடு காயல்பட்டினத்து ஞானி சதக்கத்துல்லா அப்பாவுக்கு ஒரு கதைத் தொடர்பு உண்டு. உமறுப் புலவர் அரண்மனைப் புலவருக்குரிய ஆடை அணிகலனோடு நபி சரித்திரம் கேட்க வந்தபோது, தோற்றத்தைப் பார்த்து அப்பா மறுத்துவிட்டார், பிறகு மனம் மாறினார் என்று சொல்வார்கள். அந்தக் காப்பியம் 1842-இல் அச்சேறியதும் ஒரு காயல்பட்டினத்துக்காரர் கையால்தான், புலவர் நாயகம் என்று பேர்பெற்ற சேகு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை.

காயல்பட்டினத்துப் பழைய பள்ளி ஒன்றில் ஒரு பகல் முழுக்கத் தூண்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வாசலைத் தாண்டும் வரை பள்ளி. உள்ளே கால் வைத்ததும் அது நம்மூர்க் கல் மண்டபம். அடியில் சதுரம், நடுவில் எண்பட்டை, திரும்பச் சதுரம், மேலே பொதிகை, பொதிகைக்கு மேல் கல் உத்திரம், கல்லே கூரை. கோயிலில் தூணின் சதுரத்தில் ஒரு அனுமாரோ நடனப்பெண்ணோ நிற்கிற இடத்தில் இங்கே ஒரு பூ, ஒரு கொடி, அல்லது வெறும் கல். அந்த வெறும் கல்லைத் தடவிப் பார்த்தேன். உளி பிடித்தவன் நேற்று வரை எங்கோ யாளி செதுக்கியவனாகத்தான் இருப்பான். இங்கே கை வழக்கமாகப் போகிற இடத்தில் போகாமல் நிறுத்தியிருக்கிறான். வெளியே மையவாடியில் மீசான் கற்கள், சிலவற்றில் அரபி எழுத்து மணல் காற்றில் பாதி தேய்ந்து நிற்கிறது. கூடவே நின்ற பெரியவர், "படிக்கத் தெரிஞ்ச ஆளு குறைஞ்சுட்டு வருது தம்பி. அரபி எல்லாருக்கும் ஓதத் தெரியும், கல்லுல இருக்கிறதைப் படிக்கத்தான் தெரியாது" என்றார்.

இந்த ஊர்ப் பெரிய பள்ளிகளில் ஒன்றுக்கு வேணாட்டு அரசன் உதயமார்த்தாண்டன் தன் பெயரையே கொடுத்து, உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி என்று ஆக்கி, துறையில் ஏறி இறங்கும் சரக்கிலிருந்து அதற்கு ஒரு பங்கும் ஒதுக்கினான். 'பெரும்பள்ளி' என்பதிலும் சமண வாசம் அடிக்கிறது.

துறை மூடியதில் ஆற்றுக்குப் பாதிப் பங்கு, அரசியலுக்கு மீதி. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்து முத்துக்குளித்தலில் கை வைத்தார்கள். அதுவரை கடலில் செல்வாக்காக இருந்த மரைக்காயர்களுக்கும் பரதவருக்கும் இடையே மோதல் முற்றியது. 1530-களில் பரதவர் கூட்டமாகக் கத்தோலிக்கரானார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். கடற்கரை முழுக்கச் சிலுவையும் பிறையும் பக்கத்துப் பக்கத்துக் குப்பங்களாயின. பெரிய கப்பல் காயலை விட்டுப் போனது. காயல்காரர்களோ கப்பலைத் தேடிப் போனார்கள். கொழும்பு, பிறகு ஹாங்காங். முத்து போய் ரத்தினக்கல் வியாபாரம்.

இன்றைய காயல்பட்டினத்தில் 2011 கணக்குப்படி 40,000 பேருக்குச் சற்றுக் கூட. தெருவைப் பார்த்தபடி வரிசையாக வீடுகள், வீடுகளுக்கு நடுவே முடுக்கு. பெருந்தெருவில் ஏறாமலே ஒரு பெண் உறவுக்காரி வீட்டுக்கு அந்த முடுக்கு வழியாகப் போய்வந்துவிடலாம். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். வீடு மகளுக்கு. காற்று மாறும் வரை கரையில் தங்கி, இங்கே பெண் எடுத்து, திரும்பக் கடலுக்குப் போன வியாபாரிகளின் காலத்து ஏற்பாடு இது என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. வாப்பா ஊரில் இல்லாத பிள்ளைக்கு உம்மா வீட்டு மொழிதான் மொழி. அதனால்தான் அரபி இங்கே பள்ளிக்குள் நின்றது, அடுக்களைக்குள் தமிழ் நின்றது. இரண்டையும் சேர்த்துத் தைத்தது அரபுத் தமிழ். தமிழை அரபி எழுத்தில் எழுதி, அரபியில் இல்லாத ப, ட, ண, ழ போன்ற ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் நாலு சுவருக்குள் இருந்து மார்க்கச் சட்டம் படித்ததும், கொழும்புக்குக் கடிதம் எழுதியதும் அந்த எழுத்தில். இப்போது அந்த எழுத்தைத் தடையில்லாமல் படிப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18-இல் ஆறு பழைய பாக்கியை வசூலிக்க வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருசம் பெய்வதைவிட அதிகம். தண்டவாளத்துக்கு அடியில் மண் கரைந்து திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. செய்துங்கநல்லூரில் வீடிழந்த இந்துக் குடும்பங்கள் பள்ளிவாசலுக்குள் நாலு நாள் தங்கின. அதைப் பத்திரிகைகள் அதிசயமாக எழுதின. அங்கே உள்ளவர்களுக்கு அது மேட்டில் இருந்த கட்டடம்.

ஆற்றின் வாயை மட்டும் சொல்லித் தலையை விட்டுவிட்டால் கதை பாதியாகிவிடும். சிற்றாறு பிறக்கும் தென்காசிப் பக்கம், அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த மீனாட்சிபுரத்தில், 1981 பிப்ரவரி 19 அன்று சுமார் 180 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடாளுமன்றம் வரை அது கொதித்தது, தில்லித் தலைவர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள், வளைகுடாப் பணம் என்று ஒரு பேச்சு ஓடியது. ஊர்க்காரர்கள் சொன்ன காரணம் எளிமையானது: டீக்கடை, பேருந்து, போலீஸ் நிலையம் எங்கும் சாதி. இன்றும் அந்த ஊருக்கு மீனாட்சிபுரம் என்றும் ரஹ்மத் நகர் என்றும் இரண்டு பேர். திரும்பி வந்தவர்களும் உண்டு, நிலைத்தவர்களும் உண்டு. ஆற்றின் வாயில் 700 வருசத்துக்கு முன் வியாபாரியின் தோளோடு தோள் நின்று தொழுதவனையும், ஆற்றின் தலையில் 1981-இல் வரிசையில் நின்றவனையும் ஒரே காரணம் இழுத்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. முதலாமவனுக்குக் கூட வந்த நன்மைகள் பல. இரண்டாமவனுக்கு அந்த வரிசையே நன்மை.

எங்கள் ஊரும் மாறிவிட்டது. மானாவாரிக் காடாகக் கிடந்த இடத்தில் சிப்காட் தொழிற்பேட்டை. டயர் தொழிற்சாலையிலிருந்து கன்டெய்னர் லாரிகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகின்றன. இப்போது சூரிய மின்தகட்டு ஆலையும் வந்துவிட்டது. அன்று ஏறிப் போகிற மிருகம் கடலிலிருந்து வந்தது, இன்று வண்டிச் சக்கரம் கடலுக்குப் போகிறது. பக்கத்திலேயே 2013-இல் அறிவித்த மான் சரணாலயம். புள்ளிமான்கள் கம்பிவேலிக்கு அந்தப்புறம் நின்று லாரியைப் பார்க்கின்றன.

பள்ளிவாசல்களும் அப்படித்தான். கல் மண்டபத்தை இடித்துவிட்டோ அதற்கு முன்னால் ஒட்டியோ உயரமான மினாராவும் வெள்ளைக் குமிழும் எழுகின்றன. மாடல் வளைகுடாவிலிருந்து வருகிறது. 1970-களில் தொடங்கிய பயணங்களின் பணமும் பார்வையும் அதில் இருக்கின்றன. 1980-களுக்குப் பின் வந்த, ஓரிறைக் கொள்கையை முன்வைத்த தவ்ஹீத் பிரச்சாரம் கந்தூரியையும் தர்கா வழக்கங்களையும் கேள்வி கேட்டது. பொட்டல்புதூர் முகியித்தீன் ஆண்டவர் பள்ளிக்கு இந்துக்களும் நேர்ச்சை செலுத்திக் கொடியேற்றம் பார்ப்பது இன்னும் நிற்கவில்லை, ஆனால் முஸ்லிம் வீடுகளிலேயே போவோமா வேண்டாமா என்று இரண்டு கட்சி. நான் வெளியாள், அதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு இடமில்லை.

சொல்லில் நடப்பதை மட்டும் சொல்லலாம். அன்று வெள்ளிக்கிழமை குத்பா உரை அரபியில் இருந்தது, வீட்டுப் பேச்சு தொழுகை, நோன்பு, பெருநாள் என்று தமிழில் இருந்தது. இன்று பல பள்ளிகளில் குத்பா தமிழுக்கு வந்துவிட்டது, வீட்டுப் பேச்சு ஸலாத், ரமளான், ஈத் என்று அரபிக்குப் போகிறது. தமிழ் மேடை ஏறிவிட்டது, அடுக்களையிலிருந்து இறங்குகிறது. குர்ஆனின் முழுத் தமிழாக்கம் அப்துல் ஹமீது பாகவி கையால் 1940-களின் கடைசியில் வெளிவந்தபோது, அரபி மறையைத் தமிழ் எழுத்தில் கொண்டுவரலாமா என்று எதிர்ப்பு இருந்தது. இன்று பத்துத் தமிழாக்கங்கள் கைப்பேசியிலேயே கிடக்கின்றன. இது இழப்பு என்று ஒப்பாரி வைக்கவும் மனமில்லை. தொழுகைக்கு அழைப்பதை அரபியில் அதான் என்பார்கள், இங்கே வழங்கும் பாங்கு என்ற சொல்லே பாரசீகம், கந்தூரியும் பாரசீகம், அவையும் ஒரு காலத்தில் புதிதாக வந்து இறங்கியவைதாம்.

போன நோன்பு மாதம் காயல்பட்டினத்தில் ஒரு நண்பர் வீட்டில் நோன்பு திறக்கும் நேரம். பள்ளியிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி வந்திருந்தது. அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்து, வெந்தயமும் கொத்துக்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து, மூடியைத் திறந்ததும் புதினா வாசம் நடுவீடு முழுக்கப் பரவியது. பேரீச்சம்பழம் எடுத்து வைத்துவிட்டு எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நண்பரின் உம்மம்மாவுக்கு எண்பது தாண்டியிருக்கும், காது மந்தம். சென்னையில் கான்வென்டில் படிக்கும் கொள்ளுப்பேரன் வாசலுக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"பாங்கு சொல்லிட்டாஹளா வாப்பா?"

"அதான்!" என்று கத்தினான் பையன். "அதான், அதான்!"

"எதுடா அதான்?" என்றார் உம்மம்மா, கையில் பேரீச்சம்பழத்தோடு.